என்ஜின் வேலை முடிந்த அம்பாசிடரில் டேப்பெட் சத்தம் ஓயவில்லையா? ஸ்க்ரூவைத் தொடும் முன் பார்க்க வேண்டியவை

என்ஜின் வேலை முடித்து வெளியே வந்த வண்டியில் டக் டக் என்று சத்தம் கேட்டால், பல இடங்களில் நடப்பது இதுதான். ராக்கர் கவரைக் கழற்றுவார்கள், சத்தம் வரும் ஸ்க்ரூவை ஒரு கால் சுற்று இறுக்குவார்கள், சத்தம் அடங்கும், வண்டியைக் கொடுத்து அனுப்புவார்கள். சில மாதம் கழித்து அதே வண்டி எக்ஸாஸ்ட் வால்வு கருகிப்போய் நிற்கும். சத்தம் போடும் வால்வு மூடுகிறது என்று அர்த்தம். சத்தமே போடாத வால்வு முழுதாக மூடாமல் இருக்கலாம்; அதைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன்.

திருச்சியில் என் பட்டறைக்கு இன்னும் பழைய அம்பாசிடர்கள் வருகின்றன. வேறு எங்கோ என்ஜின் பிரித்துப் பூட்டிய வண்டிகள்தான் அதிகம். இங்கே நான் சொல்வதெல்லாம் 1489 சிசி பெட்ரோல் என்ஜினைப் பற்றி. பிரிட்டனின் பி.எம்.சி. நிறுவனம் வடிவமைத்த பி-சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. கேம் ஷாஃப்ட் பிளாக்கின் உள்ளே கீழே இருக்கும்; அதன் மேல் டேப்பெட், டேப்பெட்டின் மேல் புஷ் ராடு, புஷ் ராடு தள்ளுவது ராக்கரை, ராக்கர் அமுக்குவது வால்வை. இசுஸு என்ஜின் வைத்த பிற்கால வண்டிகளின் கணக்கு வேறு, அதை இங்கே தொடவில்லை.

அளவுகளைத் தௌ கணக்கில் சொல்கிறேன். ஒரு தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. டேப்பெட் கேப் என்பது வால்வு மூடியிருக்கும்போது ராக்கருக்கும் வால்வு தண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி; ராக்கரின் புஷ் ராடு பக்கத்து ஸ்க்ரூவால் அதை வைக்கிறோம். இந்த என்ஜினுக்கு நான் வைக்கும் கேப் 15 தௌ, அதாவது 0.38 மில்லிமீட்டர். கேம் ஷாஃப்ட் மாற்றியிருந்தால் அந்தக் கேமுக்கு என்ன சொல்லியிருக்கிறதோ அதை வையுங்கள்.

முதல் வேலை: எழுதி வையுங்கள்

ராக்கர் கவரைத் திறந்ததும் ஸ்பேனரை எடுக்காதீர்கள். ஃபீலர் கேஜையும் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) ஒரு தாளையும் எடுங்கள். எட்டு வால்வின் கேப்பையும் இருக்கிறபடியே அளந்து எழுதுங்கள். இந்த எட்டு எண்களை அழித்துவிட்டால், அதாவது எல்லாவற்றையும் 15-க்குக் கொண்டுவந்துவிட்டால், என்ஜின் உங்களிடம் சொல்ல வந்தது போய்விடும்.

அந்த எண்களை இப்படிப் படியுங்கள். போன முறை வைத்த அளவைவிடக் கேப் குறைந்திருந்தால் கோளாறு வால்வுகள் இருக்கும் ஹெட் பக்கம்: வால்வு தன் சீட்டுக்குள், அதாவது மூடும்போது உட்காரும் வளையத்துக்குள், இறங்குகிறது, அல்லது வால்வே நீள்கிறது. கேப் கூடியிருந்தால் கோளாறு தள்ளும் பக்கம்: கேம் லோப் (கேம் ஷாஃப்டின் புடைப்பு), டேப்பெட், புஷ் ராடின் நுனி, ஸ்க்ரூவின் உருண்டை, ராக்கரின் துளையில் இருக்கும் புஷ் (bush), ராக்கரின் மூக்கு, இவற்றில் ஏதோ ஒன்று தேய்கிறது. எட்டும் ஒரே மாதிரி மாறியிருந்தால் அது தேய்மானமாக இருக்காது. ஹெட் கேஸ்கட் அமுங்கியிருக்கும், அல்லது ராக்கர் ஷாஃப்டைத் தாங்கும் ஸ்டாண்டுகள் தளர்ந்திருக்கும். இந்த ஒரு பாகுபாட்டை மனதில் வைத்தால் பாதி வேலை முடிந்தது.

அளக்கும் வரிசையைப் பட்டறைப் பையன்கள்கூடக் கணக்குப் போட்டே சொல்லிவிடுவார்கள். அமுங்கி நிற்கும் வால்வின் எண்ணையும் அளக்கும் வால்வின் எண்ணையும் கூட்டினால் 9 வர வேண்டும். ரேடியேட்டர் பக்கமிருந்து வால்வுகளை 1 முதல் 8 வரை எண்ணுங்கள். 8-ஆம் வால்வு முழுதாக அமுங்கி நிற்கும்போது 1-ஐ அளக்க வேண்டும். அப்புறம் 6 அமுங்கும்போது 3, 4 அமுங்கும்போது 5, 7 அமுங்கும்போது 2. தொடர்ந்து 1 அமுங்கும்போது 8, 3-க்கு 6, 5-க்கு 4, 2-க்கு 7. இந்த வரிசையில் போனால் என்ஜினை ஒரே திசையில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினால் போதும். நான்கு பிளக்கையும் கழற்றிவிட்டால் ஸ்டார்ட்டிங் ஹேண்டிலால் லேசாகச் சுற்றலாம். இவற்றில் 1, 4, 5, 8 எக்ஸாஸ்ட். 2, 3, 6, 7 இன்லெட். இதையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

என்ஜின் நன்றாகக் குளிர்ந்திருக்கட்டும். ராத்திரி நிறுத்தி காலையில் அளப்பதுதான் என் வழக்கம். பாதிச் சூட்டில் அளந்தால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு எண் வரும்.

ஃபீலர் கேஜ் ஏமாற்றும் இடம்

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வண்டி வந்தது. என்ஜின் வேலை முடிந்து அதிக நாள் ஆகவில்லை. போர் செய்து, பிஸ்டன் மாற்றி, ஹெட்டை லேத்தில் கொடுத்து எல்லாம் செய்திருந்தார்கள். "எத்தனை தடவை டேப்பெட் வைத்தாலும் சத்தம் போகவில்லை தம்பி" என்றார். அளந்தேன், எட்டும் 15. ஃபீலர் பிளேடு எல்லா இடத்திலும் அழகாக உரசிக்கொண்டு போனது. ஆனால் 5-ஆம் ராக்கரின் சத்தம் கவரை மூடினாலும் கேட்டது.

இந்த மாதிரி நேரத்தில் ராக்கரின் மூக்கைப் பாருங்கள். வால்வு தண்டின் தலையில் உட்காரும் அந்த வளைந்த முகம். ஸ்க்ரூவைத் தளர்த்தி, புஷ் ராடை ஒதுக்கி, ராக்கரைத் தூக்கி டார்ச் அடியுங்கள். எண்ணெயைத் துணியால் துடைத்துவிட்டு நகத்தைக் குறுக்கே இழுங்கள். வழுவழுவென்று போக வேண்டும். ஆசிரியர் வண்டியின் 5-ஆம் ராக்கரில் நகம் ஒரு விளிம்பில் தட்டி, பள்ளத்தில் இறங்கி, எதிர் விளிம்பில் ஏறியது. வால்வு தண்டின் அகலத்துக்கு அச்சு வார்த்த மாதிரி ஒரு குழி, அதன் அடி கண்ணாடிபோல் மின்னியது.

வால்வு தண்டின் தலை அந்தக் குழிக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஆனால் ஃபீலர் பிளேடு தட்டையானது, அகலமானது. குழிக்குள் இறங்காமல் இரு விளிம்பிலும் பாலம்போலப் படுத்துக்கொள்ளும். குழி 6 தௌ ஆழம் என்றால், பிளேடு 15 காட்டும்போது நிஜ இடைவெளி 21. அந்த 21-தான் சத்தம் போடுகிறது. பிளேடை நம்பிக்கொண்டிருந்தால் ஆயுசுக்கும் சத்தம் போகாது.

சரியாக அளக்க டயல் கேஜ் வேண்டும். அதன் முள்ளை ராக்கரின் வால்வு பக்க முனையின் மேல் நிறுத்தி, ராக்கரைக் கையால் மேலும் கீழும் ஆட்டுங்கள். முள் எவ்வளவு ஆடுகிறதோ அதுதான் உண்மையான கேப். டயல் கேஜை வைத்து 15-க்கு வைத்தால் வண்டியை ஓட்டலாம், ஆனால் குழி விழுந்த மூக்கு வால்வு தண்டைப் பக்கவாட்டில் தள்ளும், தண்டு ஏறி இறங்கும் குழாயான கைடு தேயும். ஆகவே ராக்கரை மாற்றுவதே சரி. தேய்த்துச் சரிசெய்யலாம் என்பவர்கள் உண்டு. மூக்கின் மேல்தோல் மட்டும்தான் கெட்டிப்படுத்தப்பட்ட இரும்பு. ஓரிரு தௌ தேய்த்து வழவழப்பாக்கலாம், அதற்கு மேல் போனால் உள்ளே இருக்கும் மென்மையான இரும்பு வந்துவிடும், குழி முன்னைவிட வேகமாக விழும்.

ராக்கரைக் கழற்றியதும் அதன் புஷ்ஷையும் ஷாஃப்டின் அடிப்பக்கத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். சுமை விழுவதெல்லாம் அடியில்தான். மேலே புதுசுபோல் இருக்கும் ஷாஃப்ட், திருப்பினால் ஒவ்வொரு ராக்கர் இருக்கும் இடத்திலும் படிக்கட்டு மாதிரி தேய்ந்திருக்கும். முழு என்ஜினுக்கும் செலவு செய்துவிட்டு ராக்கர் செட்டை மட்டும் பழையதையே போட்டுவிடுவது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. எனக்கு இது பெரிய வருத்தம். பிஸ்டனுக்குக் கொடுக்கும் மரியாதையை ராக்கர் ஷாஃப்டுக்கும் கொடுங்கள்.

எந்த வால்வு சத்தம் போடுகிறது என்றே தெரியாவிட்டால், என்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே ஃபீலர் பிளேடை ஒவ்வொன்றாக நுழையுங்கள். சத்தம் நின்றால் அதுதான் ஆள். எட்டிலும் நுழைத்தும் சத்தம் மாறவில்லையா? அப்படியானால் அது டேப்பெட் சத்தமே இல்லை. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கேஸ்கட் கசிந்தாலும் அதே டிக் டிக்தான் வரும். என்ஜின் சூடேறினால் அது குறையும். டைமிங் செயின் தளர்ந்தாலும் முன்பக்கம் சலசலக்கும்.

ஹெட் நட்டும் ராக்கர் நட்டும்

இந்த என்ஜினில் ராக்கர் ஸ்டாண்டுகளைப் பிடிக்கும் நட்டுகளில் நான்கு, ஹெட்டையும் சேர்த்துப் பிடிப்பவை. ராக்கர் ஷாஃப்டைக் கழற்ற அவற்றைத் தளர்த்தினால் ஹெட்டின் பிடியும் போகிறது. ராக்கருக்காகக் கழற்றும் முன் தண்ணீரை இறக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் கூலன்ட் எண்ணெயில் இறங்கும். கழற்றும்போது ஒரு நட்டை மட்டும் முழுதாக எடுக்காமல், எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். பூட்டும்போது ஹெட்டின் எல்லா நட்டையும் டார்க் ரெஞ்சால், நடுவிலிருந்து ஓரத்துக்கு, படிப்படியாக. அதன் பிறகுதான் டேப்பெட். டேப்பெட் வைத்துவிட்டு ஹெட்டை இறுக்கினால் வைத்த அளவெல்லாம் வீண்.

புது கேஸ்கட் முதல் சூட்டிலேயே கொஞ்சம் அமுங்கும். முதல் முறை நன்றாகச் சூடாக்கி, முழுதாக ஆறவிட்டு, ஹெட்டை மறுபடி டார்க் பார்த்து, டேப்பெட்டை மறுபடி வையுங்கள். 500 கிலோமீட்டரில் இன்னொரு முறை. இந்த இரண்டையும் தவிர்த்த வண்டிகளில்தான் எட்டு கேப்பும் ஒரே மாதிரி மாறி நிற்கும்.

லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூ கூடவே நகரும். ஸ்க்ரூ டிரைவரால் அதைப் பிடித்துக்கொண்டே நட்டை இறுக்கி, பிளேடை மறுபடி விட்டுப் பாருங்கள்.

லேத்திலிருந்து வந்த ஹெட்

ஹெட்டை ஃபேசிங் செய்தால், அதாவது அடிமுகத்தைச் சீவினால், ராக்கர் ஷாஃப்ட் கேம் ஷாஃப்டுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. புஷ் ராடு அதே நீளம்தான். ஆக, சீவிய அளவுக்குப் புஷ் ராடு நீளமான மாதிரி ஆகிறது. இந்த ராக்கரின் விகிதம் ஏறக்குறைய 1.4. 30 தௌ சீவியிருந்தால் வால்வு பக்கம் 42 தௌ அமுக்கும். பழைய ஸ்க்ரூ நிலையிலேயே பூட்டினால் 15 தௌ கேப் காணாமல் போய், வால்வு 27 தௌ திறந்தே நிற்கும். கம்ப்ரஷன் இருக்காது. அதனால் ராக்கர் செட்டை ஏற்றும் முன் எட்டு ஸ்க்ரூவையும் மேலே தூக்கிவிடுங்கள். இதைச் செய்யாமல் நட்டை இறுக்குபவர்கள்தான் புஷ் ராடை வளைக்கிறார்கள். சந்தேகம் இருந்தால் புஷ் ராடைக் கண்ணாடித் தகட்டில் உருட்டுங்கள், வளைந்தது தத்தித் தத்தி ஓடும்.

ஸ்க்ரூ ரொம்ப மேலே போய்விட்டால் ராக்கர் சாய்ந்து நிற்கும். வால்வு தண்டின் தலையில் மார்க்கர் பேனாவால் கறுப்படித்து, என்ஜினை இரண்டு சுற்று சுற்றிவிட்டு ராக்கரைத் தூக்கிப் பாருங்கள். உரசிய கோடு நடுவில் இருக்க வேண்டும். ஓரத்தில் இருந்தால் ஸ்டாண்டுகளின் அடியில் ஷிம் (மெல்லிய தகடு) வைத்து ஷாஃப்டை உயர்த்த வேண்டும். ஒரு ஸ்டாண்டின் வழியாகத்தான் ராக்கர் ஷாஃப்டுக்கு எண்ணெய் ஏறுகிறது. அதன் அடியில் வைக்கும் ஷிம்மில் துளை இருந்தே ஆக வேண்டும். எண்ணெய் ஏறும் ஸ்டாண்டு எது என்று கழற்றும்போதே குறி போட்டு வையுங்கள். ஸ்டாண்டு இடம் மாறியோ, கேஸ்கட்டின் துளை அடைபட்டோ இருந்தால் ராக்கர்கள் வறண்டு கிறீச்சிடும். கவரைத் திறந்து, பிளக்கைக் கழற்றி, ஸ்டார்ட்டரில் சுற்றுங்கள். எட்டு ராக்கரிலும் எண்ணெய் கசிந்து வர வேண்டும். கொஞ்ச நேரமாகும், பொறுமையாக இருங்கள்.

லேத்தில் கைடு மாற்றியிருந்தால் ஒன்று கேளுங்கள்: சீட்டையும் வெட்டினீர்களா? புதுக் கைடு போட்டதும் வால்வின் மையம் ஒரு மயிரிழை நகர்ந்துவிடும். பழைய சீட்டில் கிரைண்டிங் பேஸ்ட் போட்டு எவ்வளவு தேய்த்தாலும் அது ஒரு பக்கம்தான் உட்காரும். சோதிப்பது சுலபம். ஹெட்டைச் சாய்த்து வைத்து, வால்வும் ஸ்பிரிங்கும் பூட்டியபடி போர்ட்டுக்குள் மண்ணெண்ணெய் ஊற்றுங்கள். கொஞ்ச நேரம் விட்டு எரியறைப் பக்கம் பாருங்கள். ஈரம் கசிந்தால் அந்த வால்வு உட்காரவில்லை. வண்டியில் பூட்டிவிட்ட ஹெட் என்றால் அந்தச் சிலிண்டரின் பிஸ்டனை, இரண்டு வால்வும் மூடியிருக்கும் கம்ப்ரஷன் மேல் முனைக்குக் கொண்டுவந்து, வண்டியைக் கியரில் நிறுத்தி, பிளக் துளை வழியாகக் காற்று ஏற்றுங்கள். கார்புரேட்டரில் உஸ் என்றால் இன்லெட், சைலன்சரில் உஸ் என்றால் எக்ஸாஸ்ட், எண்ணெய் ஊற்றும் வாயில் என்றால் பிஸ்டன் ரிங். ஆனால் இந்தச் சோதனைக்கு முன் கேப் இருக்கிறதா என்று பாருங்கள். கேப்பே இல்லாத வால்வு நல்ல சீட்டிலும் கசியும்.

எக்ஸாஸ்ட் கேப் மட்டும் குறைந்துகொண்டே வந்தால்

தாளில் 1, 4, 5, 8 மட்டும் ஒவ்வொரு முறையும் குறைகிறதா? சீட் உள்வாங்குகிறது. இந்த என்ஜின் ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தில் பிறந்தது. ஈயம் எக்ஸாஸ்ட் சீட்டின் மேல் ஒரு மெல்லிய படலமாகப் படிந்து அதைக் காத்தது. இந்தியா முழுக்க 2000-ஆம் ஆண்டு ஈயம் நின்றுபோனது. அதற்கப்புறம் ஹைவேயில் வேகமாக ஓடும் வண்டிகளில், ஹெட்டின் சாதா வார்ப்பிரும்பிலேயே வெட்டிய சீட் அரித்து இறங்குகிறது. மறுபடி மறுபடி கேப் வைத்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. அடுத்து ஹெட் இறங்கும்போது கெட்டியான சீட் ரிங் போடச் சொல்லுங்கள். ஊருக்குள் மட்டும் மெதுவாக ஓடும் வண்டிக்கு அவசரமில்லை, கேப்பைக் கண்காணித்தால் போதும்.

கேப் கூடிக்கொண்டே வந்தால்

இது மோசமான செய்தி. புதுக் கேம் போட்ட வண்டியில் ஒரே வால்வின் கேப் மட்டும் வாரத்துக்கு வாரம் கூடினால், அந்த லோப் கரைகிறது. கவரைத் திறந்து, எட்டுப் புஷ் ராடிலும் ஒரு பக்கம் வெள்ளைப் பெயின்ட் புள்ளி வைத்து, என்ஜினை ஐடிலில் விட்டுப் பாருங்கள். ஒவ்வொரு புள்ளியும் மெதுவாகச் சுற்றிச் சுற்றி வர வேண்டும். டேப்பெட்டின் அடிமுகம் லேசாகக் குவிந்தும், லோப் லேசாகச் சரிந்தும் இருப்பதால் டேப்பெட் ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் திரும்பும், தேய்மானம் ஒரே இடத்தில் விழாது. ஏழு புள்ளி சுற்றி ஒன்று மட்டும் அசையாமல் நின்றால் அந்த டேப்பெட்டின் அடி குழிந்துவிட்டது. டயல் கேஜில் அந்தப் புஷ் ராடு எழும்பும் உயரத்தை மற்ற இன்லெட்டோடு இன்லெட், எக்ஸாஸ்டோடு எக்ஸாஸ்ட் என்று ஒப்பிட்டால் உறுதியாகிவிடும். அப்புறம் ஓட்டாதீர்கள், இரும்புத் துகள் பேரிங்குக்குப் போகும்.

இதற்குப் பெரும்பாலும் காரணம் முதல் ஸ்டார்ட். புதுக் கேமில் பழைய டேப்பெட் போடவே கூடாது. பழைய கேமையே போடுவதானால் ஒவ்வொரு டேப்பெட்டும் அதனதன் இடத்துக்கே போக வேண்டும். புஷ் ராடை உருவும்போது எண்ணெய்ப் பசையால் டேப்பெட்டும் ஒட்டிக்கொண்டு எழும்பும்; ராடை ஒரு திருகு திருகி, டேப்பெட் கீழே விழுந்ததை உணர்ந்துவிட்டு உருவுங்கள். லோப்களில் கெட்டியான அசெம்பிளி கிரீஸ் தடவுங்கள். ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடாதீர்கள், ஆக்சிலரேட்டரைப் பிடித்து 2000 ஆர்.பி.எம். பக்கம் 20 நிமிடம் ஓட்டுங்கள். ஐடிலில் லோப்புக்கு எண்ணெய் தெறிப்பது குறைவு, ஸ்பிரிங்கின் அழுத்தம் மட்டும் முழுதாக விழும். எண்ணெய் 20W-50, துத்தநாகம் கலந்த தேய்மானத் தடுப்பு நன்றாக உள்ளதாக வாங்குங்கள். இன்றைய கார்களுக்கான மெல்லிய எண்ணெய்களில் அந்தச் சேர்க்கை குறைவு, இந்த வகை டேப்பெட்டுக்கு அது போதாது.

ஆசிரியர் வண்டிக்கு ராக்கர் செட்டும் ஷாஃப்டும் புதிதாகப் போட்டேன். 5-ஆம் வால்வின் கைடு இன்னும் தாங்கும் நிலையில் இருந்ததால் ஹெட்டை இறக்கவில்லை. அவரிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, ஒவ்வொரு சர்வீஸிலும் கேப்பைத் தொடும் முன் எட்டு எண்ணையும் தேதியும் கிலோமீட்டரும் போட்டு எழுதச் சொல்லியிருக்கிறேன். அவர் சிவப்பு மையில் எழுதுகிறார். போன முறை 1-ஆம் வால்வு 13 காட்டியது, மற்றவை 15. அது எக்ஸாஸ்ட் என்பதால் அடுத்த சர்வீஸுக்கு 2000 கிலோமீட்டரிலேயே வரச் சொன்னேன். அப்போதும் குறைந்திருந்தால் ஹெட்டை இறக்கி நான்கு எக்ஸாஸ்டுக்கும் சீட் ரிங் போட வேண்டும்.